சிவப்பு நூல் கட்டிய குழாய்

ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதி ஒன்று வரும். நிதி தந்தவர்களுக்கு நன்றி, இயந்திரம் தந்தவர்களுக்கு நன்றி, ‘மனமுவந்து பங்குபற்றிய பெண்களுக்கும்’ நன்றி. அந்தக் கடைசி வரியைக் கண்டாலே எனக்கு மண்டை கொதிக்கும். நானும் அந்த மாதிரி வரிகளை எழுதிக் கொடுத்தவள்தான். மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காகக் கையுறை போட்டு வேலை செய்கிறேன். இரத்தம், சளி, சிறுநீர் என்று யாருடைய உடம்பில் இருந்தோ வந்ததை உடைத்து, அதற்குள் எந்தக் கிருமி இருக்கிறது, அது உடம்பின் கலத்துக்குள், செல்லுக்குள் போய் என்ன கூத்து ஆடுகிறது என்று பார்ப்பது என் வேலை. யாருடைய உடம்பு என்று கேட்காமல் இருப்பதும் வேலையில் ஒரு பாதி. அதைப் பெரிய ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கிரான் பக்கத்து ஆள். எங்களுடையது வயல் செய்கிற ஊர். கருப்பை வாயில் வரும் புற்றுநோய் பற்றிய ஆய்வு ஒன்றுக்குப் பெண்களைச் சேர்க்கவேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னபோது, “என்ட ஊரில எடுக்கலாம் சேர்” என்று முந்திக்கொண்டு வாயைக் கொடுத்தது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு வைரஸ் தொற்றில்தான் தொடங்குகிறது. எங்கள் உடம்பின் கலங்களுக்குள் ஒரு புரதம் காவல் இருக்கிறது. கலத்தின் டிஎன்ஏ பழுதாகிவிட்டால், “பொறு, இப்ப பிரியாதே” என்று மறிப்பது அதுதான். திருத்தவே முடியாத பழுது என்றால் அந்தக் கலத்தைச் சாகச் சொல்லும். எங்கள் வயல் வட்டையில், எந்த வயலுக்கு எப்போது வாய்க்காலைத் திறப்பது, எப்போது அடைப்பது என்று சொல்லும் வட்டவிதானையார் மாதிரி. இந்த வைரஸ் கலத்தின் சொந்தக் குப்பை அள்ளும் ஏற்பாட்டைக் கொண்டே அந்தக் காவல் புரதத்தை அள்ளிக் கொட்டவைக்கிறது. அதற்குப் பிறகு மறிக்க ஆளில்லை, பழுதான கலம் பெருகிக்கொண்டே போகும். ஆனால் இது ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை. வருடக்கணக்காக இழுக்கும். அந்த இடைவெளிக்குள் கண்டுபிடித்தால் சின்ன வைத்தியத்தோடு ஆளைக் காப்பாற்றிவிடலாம். இதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், இதை வகுப்பெடுத்தவளும் நான். அதை நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஊரில் என் மாமாவின் மூத்த மகள் இருந்தாள். எனக்குப் பெரிய மச்சாள். நாலு பிள்ளைகளின் தாய், வாய் கொஞ்சம் பெரிது, மனமும் அப்படித்தான். அவளுடைய சீதன வீட்டில்தான் பெண்களைக் கூட்டினோம். அறுவடை முடிந்த கையோடு, வீட்டுக்கு வீடு வைக்கோல் வாசம் அடித்துக்கொண்டிருந்த நேரம். டொக்டர் வரத் தேவையில்லை, யாரும் கால் விரித்துப் படுக்கவும் தேவையில்லை. பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றைக் கொடுப்போம், அறைக்குள் போய்த் தாங்களே எடுத்துக் குழாய்க்குள் போட்டு மூடித் தரவேண்டும். நான் முன்வாசலில் மேசையும் கதிரையும் போட்டு, படிவங்களோடு உட்கார்ந்திருந்தேன். கண்டறியாத உத்தியோகம்!

படிவத்தில் மேலேயே ஒரு நிபந்தனை இருந்தது. கணவருடன் வாழும் பெண்கள் மட்டும். ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. அதோடு விளக்கத் துண்டு ஒன்றும் கொடுத்தோம். அதைத் தமிழில் எழுதியது நான். ‘இவ்வைரஸ் உடலுறவு மூலம் பரவுகிறது’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். உண்மைதான். ஆனால் அது ஒருவருடைய உடம்பில் பத்துப் பதினைந்து வருடம்கூடச் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும், புருஷன் செத்தாலும் அவனோடு சேர்ந்து சாகாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். தாளில் இடமிருந்தது. எனக்குத்தான் புத்தி வரவில்லை.

பெரிய மச்சாளுக்குத் தங்கை ஒருத்தி. என்னைவிட வயதில் இளையவள், நாங்கள் சின்ன மச்சாள் என்போம். வாழைச்சேனையில் கடல் தொழில் செய்த ஒருவரைக் கட்டியிருந்தாள். படகு கவிழ்ந்து அவர் போய் ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு தமக்கையின் வளவிலேயே ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு, வயலில் புல்லுப் பிடுங்கப் போவாள், மற்ற நேரம் தமக்கையின் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பாள். அன்று வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றி அனுப்பியதும் அவள்தான். முன்பக்கம் அவள் வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை. நிபந்தனைக்குள் வராதவள் என்று என் மூளை அவளை அப்போதே கழித்துவிட்டிருந்தது.

பெரிய மச்சாள் தன் முறை வந்ததும் குச்சியையும் குழாயையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வர நேரமாயிற்று. மற்றப் பெண்கள், “என்னகா, உள்ளுக்க நித்திரையா?” என்று பகிடி பண்ணினார்கள். திரும்பி வந்து தந்த குழாயின் கழுத்தில் சிவப்புத் தையல் நூல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

“இதென்ன மச்சாள், கோயில் நேத்தியா?” என்றேன்.

“மாறிப்போனா என்ன செய்யிற? இம்புட்டுப் பேர்ட போத்தலும் ஒரே மாதிரிக் கிடக்கு. நீ பேசாம வைகா.”

சிரித்துக்கொண்டே அந்த நூலுக்கு மேலேயே இலக்கம் எழுதிய ஒட்டியை ஒட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். ஆய்வுகூடத்துக்கு வந்ததும் அந்த இலக்கங்களுக்குப் பதிலாகப் பேராசிரியர் வேறு இலக்கங்கள் கொடுத்தார். எந்த இலக்கம் எந்தப் பெண் என்ற பட்டியல் அவருடைய அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. பெண்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதற்காம். யாரிடமிருந்து காப்பாற்றினார்களோ தெரியாது, கடைசியில் அந்தப் பெண்களிடமிருந்துதான் காப்பாற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய மச்சாள் போன் எடுத்தாள். நான் அப்போது ஒரு சோதனையின் நடுவில் நின்றேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

“அந்தச் சோதினை முடிவு வந்துட்டாகா?”

எங்களுடைய சாம்பிள்கள் அப்போது இன்னும் குளிரில்தான் கிடந்தன. ஒன்றையும் தொட்டிருக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். வேலை மினக்கெடுகிறதே என்ற அவசரத்தில், “ஏதும் இருந்தாச் சொல்லமாட்டமா மச்சாள்? ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க” என்றேன்.

“அப்பாடா, அது போதும்” என்று வைத்துவிட்டாள். அந்த மூன்று வினாடிப் பேச்சை நான் எத்தனை தரம் திரும்ப நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளவேண்டும் போல் இருக்கும்.

பிறகு சாம்பிள்களை எடுத்து டிஎன்ஏ பிரித்துப் பிசிஆர் செய்தோம். கொரோனாக் காலத்தில் நாடு முழுக்க வாயில் வைத்திருந்த அதே பிசிஆர்தான், தேடிய வைரஸ் வேறு. அதில் சில குழாய்களில் தொற்று இருந்தது. அவற்றில் ஒன்று நாற்பத்தாறாம் இலக்கம். அதில் இருந்தது பதினாறாம் வகை. இந்த வைரஸின் வகைகளிலே கொடியது அதுதான். மறுபடி செய்து பார்ப்போம் என்று உறைபெட்டியில் இருந்து அந்தக் குழாயை எடுத்து உறைபனியைத் துடைத்தேன். ஒட்டியின் ஓரத்தில் சிவப்பு நூலின் முடிச்சு எட்டிப் பார்த்தது.

அலுமாரியும் பட்டியலும் என்ன மயிருக்கு? அந்த நூலைக் கட்டியவளின் வீட்டில் நான் சோறு தின்று வளர்ந்தவள்.

நேரே பேராசிரியரிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“முடிவுகளைப் பங்குபற்றினவைக்கு அறிவிக்கமாட்டம் எண்டு படிவத்தில இருக்கு. நீர் வாசிக்கேல்லையோ?”

“வாசிச்சன் சேர். ஆனா இது பதினாறு. அவகளுக்கு நாலு புள்ள. கிளினிக்குக்குப் போகச் சொல்லிச் சொன்னாலே போதும்.”

“இது ஆராய்ச்சி, ஆஸ்பத்திரி இல்ல. ஒருத்திக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லவேணும். ஆய்வு ஒழுக்கக் குழுவிட்டத் திரும்ப அனுமதி எடுக்கவேணும். கட்டுரை ஏற்றுக்கொள்ளட்டும், பிறகு பாப்பம்.”

அப்போதே நான் கத்தியிருக்கவேண்டும். மேசையில் இருந்த தாள்களைத் தூக்கி எறிந்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரி சேர்” என்று சொல்லிவிட்டு வந்து, கடிதம் எழுதினேன். அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம், பதில் வராததால் இன்னொன்று. ஒப்பந்த வேலை, வாயைத் திறந்தால் பறித்துப்போடுவார்கள் என்ற பயம். அப்படியே இரண்டரை மாதம் போயிற்று. ஒவ்வொரு நாளும் ‘நாளைக்குச் சொல்லுவம்’ என்று என்னை நானே பேய்க்காட்டிக்கொண்டிருந்தேன். பேராசிரியரைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லவேண்டும்.

மாரி மழை தொடங்கி ஊரில் விதைப்பும் முடிந்திருந்தது. ஒரு நாள் காலையில் கூடத்துக்குப் போகாமல் பஸ் ஏறினேன். கிரானில் இறங்கினால், பாலத்தடியில் தண்ணீர் றோட்டுக்குக் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. உழவு மெஷின் பெட்டியில் உரப்பைகளோடு ஏறி நின்று அக்கரைக்குப் போனேன். முழங்கால்வரை சேறு. பெரிய மச்சாள் கண்டதும், “இந்த மழைக்க என்னகா, தலை போற அவசரமா?” என்று சிரித்தாள்.

“ஓம் மச்சாள். இருங்க, சொல்றன்.”

வளவில் மாமரத்துக்குக் கீழே அவளை இருத்தி, உங்கள் குழாயில் தொற்று இருக்கிறது, இன்னும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் நாளைக்கே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று சொன்னேன். அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. அவளுடைய கண் என்னைத் தாண்டிக் குசினிப் பக்கம் போயிற்று.

“அது என்டதில்லடி,” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“சிவப்பு நூல் கட்டின போத்தல் தங்கச்சிர. அவளுக்கு இடைக்கிட இரத்தம் படுகிற எண்டு சொல்லிட்டுத் திரிஞ்சாள். கிளினிக்குக்குப் போடி எண்டு கெஞ்சினன். மாட்டன் எண்டுட்டாள். நீ வந்து நிண்டாய், சரி, இதுலயாவது பாப்பம் எண்டா, உன்ட தாளில அப்பிடி எழுதிக் கிடக்கு. புருஷன் இல்லாதவள் அந்த வரிசையில வந்து நிண்டா இந்த ஊர் என்ன பறையும்? நாந்தான் குசினிக்க கொண்டுபோய் அவளுக்குக் குடுத்தன். எனக்கென்ன, நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கன், என்ட பேர்ல அவள்ற போகட்டும் எண்டு.”

அவள் எழும்பி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அண்டைக்குப் போன்ல என்ன சொன்னாய் நீ? ஒண்ணுமில்ல எண்டாய்தானே? நான் அத அவள்ட்டச் சொன்னன்டி! அதுக்குப் பிறகு அவள் இரத்தத்தப் பத்திப் பேசவே இல்ல. உன்னை நம்பித்தானே? படிச்சவள், எங்கட புள்ள, பொய் சொல்லமாட்டாள் எண்டுதானே?”

சத்தம் கேட்டுச் சின்ன மச்சாள் குசினி வாசலுக்கு வந்தாள். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. முன்னைவிட மெலிந்திருந்தாள். இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, “இடுப்பு நாரி நோகிறது இதாலதானோ எண்டு நேத்துத்தான் நினைச்சன்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஓர் இளம் டொக்டர், நல்ல பிள்ளை, பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துக்குப் பரவியிருக்கிறது, வெட்டி எடுக்கிற கட்டம் இல்லை, கதிர் வைத்தியம்தான் என்றார். “கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா” என்று தொடங்கினார். நான் கையை உயர்த்தி மறித்தேன். அந்த வசனத்தின் மிச்சத்தைக் கேட்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. எவ்வளவு முந்தி என்று டொக்டரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்தக் கிழமையே ஊர் மிட்வைஃபைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். சாம்பிள் தந்தவர்கள், தராதவர்கள், புருஷன் உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லோரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னோம். பெரிய மச்சாளும் போனாள். அவளுக்கு ஒன்றுமில்லை. அதற்காக அவள் சந்தோஷப்படவும் இல்லை. நான் விதியை மீறினேன் என்று என்மேல் முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதைச் சுருட்டிக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். வேலையைப் பறித்தால் பறிக்கட்டும் என்று இருந்தேன், பறிக்கவில்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று நினைக்க அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

பேராசிரியரிடம் போய், நாற்பத்தாறாம் இலக்கத்தின் விவரம் பிழை, அந்தச் சாம்பிள் கணவனை இழந்த, பிள்ளையில்லாத ஒரு பெண்ணுடையது, திருத்துங்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு சாம்பிளால ஒண்டும் மாறாது. திருத்தப் போனா முழு ஆய்வையும் சந்தேகப்படுவினம். அதை அப்பிடியே விடும்.”

“ஒரு சாம்பிள் இல்ல சேர், அது என்ட மச்சாள்” என்று இந்தமுறை கத்தினேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை.

கட்டுரை வெளிவந்தபோது சின்ன மச்சாள் கதிர் வைத்தியம் முடிந்து தமக்கையின் வீட்டில் படுத்திருந்தாள். எழும்பி நடக்கிற அளவுக்குச் சில நாள் இருப்பாள், சில நாள் இல்லை. நான் போயிருந்த அன்று, போனில் இருந்த கட்டுரையைக் கண்டு, “என்னட்ட எடுத்ததையும் இதில எழுதிக் கிடக்கா? வாசிச்சுக் காட்டுங்களன் மச்சாள்” என்றாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒருதரம் சொன்ன பொய் போதும். தமிழில் மாற்றி வாசித்தேன். பங்குபற்றிய பெண்கள் அனைவரும் கணவருடன் வாழ்பவர்கள் என்ற வரி வந்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அப்ப என்ட மனுசன் இதில உசிரோட இருக்காரா?”

நான் தலையாட்டினேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு, இருமல் வரும்வரை சிரித்தாள். “அவர் கடலுக்குப் போய் ஒன்பது வருசம் தாண்டிட்டு. உங்கட சேர்ட்டக் கேளுங்க, எந்த ஊரில வச்சிருக்கார் எண்டு.” பெரிய மச்சாள் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

சிரிப்பு அடங்கியதும் சின்ன மச்சாள் என் கையைப் பிடித்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன்.

“அத மாத்தி எழுதுங்க. தனிய இருக்கிறவளுக்கும் வரும் எண்டு எழுதுங்க. நான் ஆரோடயும் போகல, என்ட மனுசனோட மட்டுந்தான் இருந்தன், அப்பிடி இருந்தும் வந்தது எண்டு எழுதுங்க. இல்லாட்டி என்னப்போல இன்னொருத்தி குசினிக்க ஒளிச்சுக்கொண்டுதான் நிப்பாள்.”

அடுத்த அறுவடைக்கு அவள் இருக்கவில்லை. கட்டுரையில் இருந்து என் பெயரை எடுக்கச் சொல்லியும், பிழையைத் திருத்தச் சொல்லியும் அந்த இதழுக்கு எழுதினேன். என் பெயரை எடுத்தார்கள். மற்றதற்கு இன்னும் பதில் இல்லை. நான் எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

இப்போது வேறொரு ஆய்வில் வேலை. முடிவைச் சொல்லமாட்டோம் என்கிற எந்தப் படிவத்தையும் நான் கையில் எடுப்பதில்லை. விளக்கத் துண்டில், புருஷன் செத்தாலும் வைரஸ் சாகாது என்ற அந்த விடுபட்ட வரி முதல் வரியாக இருக்கிறது. சாம்பிள் எடுக்க எந்த வீட்டுக்குப் போனாலும் முன்வாசலில் கதிரை போட்டு உட்காருவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின்பக்கம் போய், “இஞ்ச ஆர் நிக்கிற?” என்று கேட்பேன். இதுவரை போன ஒரு வீட்டில்கூடக் குசினி வெறுமையாக இருக்கவில்லை.